போட்ட முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிடுங்கள்

உட்கார்ந்திருந்தாலும் நிற்பவர்களைவிட உயரமாகத் தெரியும் விழாத் தலைவர், சுமைதூக்குவோர் சங்கத்தைத் தன் தோளில் தூக்கிச் சுமக்கும் ஐயா அவர்களே! மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே! இடம் கிடைக்காமல் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அதைவிடப் பெரியோர்களே! மாடியில் ஒரே ஒரு கொடி கட்டி, அதில் ஒரு குடும்பத்தையே துவைத்துக் காயப்போடும் தாய்மார்களே! படகைக் கரையில் கட்டிவிட்டுப் பயமின்றித் தூங்கும் படகோட்டிகளே! லாரியின் மேல் மலையை ஏற்றினாலும் மண் சிந்தாமல் இறக்கும் மாவீரர்களே! காலணி நாடா அவிழ்ந்தது தெரியாமல் கம்பீரமாக நடக்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோரையும் கயிற்றுக்கடைக்காரன் கைகூப்பி வணங்குகிறேன்.

கயிறு விற்பவன் நான், திரிப்பவன் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முன்வரிசையில் என் மாப்பிள்ளை இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

சுருக்கமாகப் பேசும்படி அறிவிப்பாளர் என் காதில் சொன்னார். சொன்னவர் நல்லவர், என்னை அறியாதவர். நான் எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்தவன். அது என்னைப் பார்த்துப் பயந்துவிட்டதால் பெருந்தன்மையோடு திரும்பி வந்தவன். படித்தவனுக்குத்தான் குறிப்பு வேண்டும், கடிகாரம் வேண்டும். எனக்கு ஒரு மைக் போதும். அதுவும் கரகரக்கிறது. பரவாயில்லை, என் குரலுக்கு அது துணை போகட்டும்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? பிறந்து, வளர்ந்து, தேய்ந்து, மறைந்து, மறுபடியும் பிறந்த ஒரு சேனலைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். பாட்டு சேனல் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். படச் சேனல், செய்திச் சேனல், சண்டைச் சேனல் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். காலையிலிருந்து மாலைவரை கயிற்றில் முடிச்சுப் போடுவதை மட்டுமே காட்டிய சேனலை இந்த உலகம் அதற்குமுன் கேள்விப்பட்டதுண்டா? உருவாக்கியது யார்? உச்சிக்குக் கொண்டுபோனது யார்? அடக்கத்தின் காரணமாக அந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் இப்போது மைக்கின் முன்னால் நிற்கிறார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

என் கடை நீளமானது. அகலம் மட்டும் ஆண்டவன் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது. எதிரும் புதிருமாக இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கச் சுவரில் நைலான் சுருள்கள், மறுபக்கம் பருத்தி, நடுவில் கல்லாவில் நான். கல்லாவுக்குப் பக்கத்தில் என் தங்கை. வாங்க வருகிறவர் கயிறு வாங்கினால் போக வேண்டுமா இல்லையா? போகமாட்டார். “அக்கா, தண்ணித்தொட்டியைக் கட்டி மேல இழுக்கணும், எப்படிக் கட்டறது?” என்பார். தங்கை அங்கேயே கட்டிக்காட்டுவாள். அதைப் பார்க்க வெளியில் போகிறவரும் உள்ளே வருவார். கடை நிறையக் கூட்டம். வியாபாரமோ சாலையில் நிற்கும்.

தங்கையைக் கட்டியவர் கேபிள் ஆபீஸ் வைத்திருந்தார். அவர் வரிசையில் கடைசியாக ஒரு சேனல் சும்மா கிடந்தது. நீலத் திரை, மூலையில் அன்றைய தேதி. அந்தத் தேதியும் தவறு. “மாப்ள, அதுல இவளை உட்கார வையுங்க. வீட்டுல பார்த்துக் கத்துக்கட்டும். கடைக்கு வந்தா கயித்த மட்டும் வாங்கிட்டுப் போகட்டும்” என்றேன். ஒரு தொழில்புரட்சி ஒரே வாக்கியத்தில் பிறந்தது, தாய்மார்களே!

கேபிள் ஆபீசின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிரில் கேமரா. பின்சுவரில் என் கடையின் பெயர்ப்பலகை. அதன் எழுத்து அறையைவிடப் பெரியது. தங்கை பேசினாள், முடிச்சுப் போட்டாள், ஊரே பார்த்தது. மறுநாள் காலை கடைவாசலில் ஒரு படகோட்டி நின்றார். படகு இல்லாத படகோட்டி. அவர் கட்டிய படகு அவரிடம் சொல்லாமலே கிளம்பி எதிர்க்கரைக்குப் போயிருந்தது.

“உங்க தங்கச்சி வலது கைன்னு சொல்லுது, படத்துல இந்தப் பக்கம் இல்ல அசையுது? நான் வாயைக் கேக்கறதா, கையைப் பாக்கறதா?” என்றார்.

எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வலது கை நமக்கு இடப்பக்கம் அல்லவா தெரியும்? பாட்டுக்கு அது பாதகமில்லை. செய்திக்கு அது சேதமில்லை. முடிச்சுக்கு? சொல் ஒரு பக்கம், செயல் மறுபக்கம் என்றால் கயிறு தாங்குமா?

தோளுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் படம்பிடித்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. தங்கை ஒப்பவில்லை. “முதுகைக் காட்டிப் பேசினா யார் நம்புவாங்க?” என்றாள். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் அலங்கார மேசையிலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்துவந்தாள். அதை மேசைக்கு எதிரில் நிறுத்தி, அதைப் பார்த்து உட்கார்ந்தாள். கேமராவை ஓரமாகத் திருப்பி, அவளை விட்டுவிட்டுக் கண்ணாடிக்குள் இருக்கும் அவளைப் படம்பிடிக்கச் சொன்னாள். இப்போது அவள் வலது கை உங்கள் வலப்பக்கம். சொன்ன கையும் அசைந்த கையும் ஒன்றாயின. பார்த்தவர் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத் தலைவாருவது போல முடிச்சுப் போட்டார். அந்த யோசனை தங்கையுடையது என்று ஊர் சொல்லும். கண்ணாடி வாங்கிக் கொடுத்த அண்ணன் யார் என்று ஊர் கேட்பதில்லை.

அன்றைக்குத்தான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். கவனியுங்கள், என் பேச்சு முழுவதும் இந்த ஒரு வார்த்தையில்தான் தொங்குகிறது. “படகு போனதோட போகட்டும். இனி என்னால ஒருத்தர் கட்டினது அவுந்துச்சுன்னா, இந்தச் சேனலை நானே மூடிருவேன்.” தலைவர்கள் சொன்னால் மறந்துவிடுவார்கள். அவள் மறக்கமாட்டாள். சின்ன வயதில் நான் உடைத்த பொம்மையை இன்றைக்கும் கேட்பாள். தலையாட்டுகிறாள் பாருங்கள்.

அதன்பிறகு எழுச்சி! எப்பேர்ப்பட்ட எழுச்சி! சந்தையில் கயிறு இல்லாத கை இல்லை. காவல் நாய்கள் தம் கட்டை அவிழ்க்கும் முயற்சியைக் கைவிட்டன. கடலில் போன கப்பல்கள் எங்கள் சிக்னல் கிடைக்கும் தூரத்துக்கு வந்து நங்கூரம் போட்டதாகச் சொன்னார்கள். சொன்னது யார் என்கிறீர்களா? நான்தான் சொன்னேன்.

கண்ணாடியால் ஒரே ஒரு சேதம். பின்சுவரில் இருந்த என் கடைப்பெயர் திரையில் வலமிடமாகத் திரும்பிவிட்டது. வெளிநாட்டுச் சேனலாம், குரல் மட்டும் நம் மொழியில் கொடுக்கிறார்களாம் என்று ஊரில் பேச்சு. தங்கைக்கு வலது கன்னத்தில் மச்சம். திரையில் அது இடது கன்னத்துக்குப் போய்விட்டது. ஒருநாள் கடைத்தெருவில் ஓர் அம்மா அவளை நிறுத்தி, “பார்க்க அந்த முடிச்சுக்காரம்மா மாதிரியே இருக்கியேம்மா” என்றிருக்கிறார். தங்கை, தான்தான் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா இவள் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “பொய் சொல்லாதம்மா, அவங்களுக்கு மச்சம் இந்தப் பக்கம்” என்று போயே போய்விட்டார். தன் பெயரைத் தானே இழந்துவிட்டு வீடு திரும்பினாள் தங்கை.

ஏறியது எல்லாம் எத்தனை நாள் உச்சியில் நிற்கும்? பெரிய கம்பெனிகள் வந்தன. கூரைமேல் குடை கவிழ்த்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி வைத்தார்கள். எங்கள் சேனல் பின்னால் போனது, இன்னும் பின்னால் போனது, காந்த வளையல் விற்கும் சேனலுக்கும் அப்பால் போனது. ஒருநாள் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் வரவில்லை. அழுதோமா? இல்லை. ஊர்வலம் போனோமா? இல்லை. மாப்பிள்ளை கம்பங்களிலிருந்து கேபிள் வயரை இறக்கிச் சுருட்டி என் கடைச்சுவரில் மாட்டினார். அதையும் கயிறு என்று நினைத்து இரண்டொருவர் விலை கேட்டார்கள். டேப்புகள் பரண்மேல் ஏறின. தங்கை பழையபடி கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியைக் கடையில் மாட்டினோம். வருகிறவர்கள் தலைவாரிக்கொண்டு கயிறு வாங்காமல் போனார்கள். அவ்வளவுதான் வீழ்ச்சி. வீழ்ச்சியைப் பற்றி அதிகம் பேசுவது எனக்கு வழக்கமில்லை.

என்னப்பா பின்னால் சலசலப்பு? குடிதண்ணீர் அந்த மூலையில் இருக்கிறது. குடித்துவிட்டு வாருங்கள், கதை இப்போதுதான் திரும்புகிறது.

ஒரு ஸ்ட்ரீமிங் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். பழைய சின்னச் சின்னச் சேனல்களைத் தேடி எடுத்துப் போனில் பார்க்கும்படி போடுகிறார்களாம். பரணிலிருந்து டேப்புகளை இறக்கிக் கொடுத்தோம். அவர்கள் தூசு தட்டினார்கள், நிறம் கூட்டினார்கள், இரைச்சல் நீக்கினார்கள். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். பின்சுவரில் எழுத்து திரும்பியிருப்பதைப் பார்த்து, பழைய டேப்பில் ஏதோ கோளாறு என்று முழுப் படத்தையும் திருப்பிப் போட்டுவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. எழுத்துப்பிழையைத் திருத்த யாராவது அனுமதி கேட்பார்களா?

முதல் நாள் போனில் பார்த்தேன். திரை முழுக்க என் கடைப்பெயர்! வரலாற்றில் முதன்முறையாக நேராக, அழகாக, எழுத்தெழுத்தாக! உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். பேசாமல் இருந்த பெரியப்பா மகனுக்குக்கூடப் போட்டேன். சேனலை யார் யாரோ பார்த்தார்கள். மலையேறுகிறவர்கள், கூடாரம் அடிப்பவர்கள், வீடு மாற்றுகிறவர்கள், வேலையே இல்லாதவர்கள். எண்ணிக்கை ஏறியது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு மேற்கொண்டு மனதாலேயே கூட்டிக்கொண்டேன்.

அப்புறம் கமெண்டுகள் வந்தன. “கட்டினேன், கழண்டுருச்சு.” “எனக்கும்.” பொறாமை என்றேன் நான். இந்தக் காலத்துக் கயிறு வழவழப்பு என்றார் மாப்பிள்ளை. கயிற்றைக் குறை சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

“மாப்ள, என் கயித்துல யானையைக் கட்டலாம். உங்க சேனல்தான் வழுக்குது” என்றேன்.

“யானையைக் கட்டலாம் மச்சான். அது நிக்கறதுக்கு நீங்கதான் அது காதுல பேசணும். பேச்சைக் கேட்டே மயங்கிரும்” என்றார்.

நாங்கள் இப்படி மரியாதையோடு விவாதித்துக்கொண்டிருந்தபோது தங்கை போனை நீட்டினாள். வீடு மாற்றிக்கொடுக்கும் தொழிலாளி ஒருவர் போட்ட படம். மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு பீரோ குப்புறக் கிடந்தது, கதவு ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். கீழே எழுதியிருந்தார்: நல்லவேளை, கீழே யாரும் நிற்கவில்லை. இந்த அம்மா சொன்னபடிதான் கட்டினேன்.

தங்கை எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். “மூடிரலாம்” என்றாள்.

நினைத்துப் பாருங்கள்! வாராது வந்த வாழ்வு, வாசலில் வந்து நிற்கிறது. கம்பெனி காத்திருக்கிறது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கடைப்பெயர் நேராகத் தெரிகிறது! இவளோ மூடிவிடலாம் என்கிறாள். நான் வாதாடினேன். மாப்பிள்ளை கெஞ்சினார். அவள் அசையவில்லை. “எதனால அவுந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு மூடறேன்” என்றாள்.

ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக்கொண்டு, போனைக் கல்லாமேல் சாய்த்து வைத்து, ஒன்றும் தெரியாதவள் போலத் தன் பாடத்தைத் தானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். திரையில் இருந்தவள் வலது கை என்றாள். இவள் வலது கையைத் தூக்கினாள். திரையில் அசைந்ததோ மறுபக்கம். மேலே விடு என்றாள், விட்டாள். இழு என்றாள், இழுத்தாள். முடிச்சு வழுக்கிக்கொண்டு வந்து மடியில் விழுந்தது. முடிச்சுப் போடுவதில் நிகரில்லாத ஒருத்தி, தானே சொல்லிக்கொடுத்ததைத் தானே கட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்து முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“அண்ணே, மச்சம் சரியா இருக்கு. அதான் தப்பு.”

எழுத்தை நேராக்கினார்கள், முடிச்சு கோணலாகிவிட்டது. முதல் நாள் படகோட்டியின் படகு போன அதே தவறு, அழகாகக் கழுவித் துடைத்து, உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனித் தம்பிக்குப் போன் போட்டோம். கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார். பழையபடி திருப்பிவிடுகிறோம், ஒரு நாள் வேலை, யாருக்கும் தெரியாது என்றார். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். மாப்பிள்ளையும் விட்டார். தங்கை மட்டும் விடவில்லை.

“யாருக்கும் தெரியாம மாத்தினா, ஏற்கனவே கட்டினவங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நேரலையில நானே சொல்லிடறேன்” என்றாள்.

தம்பி தயங்கினார். நேரலையில் வந்து சொல்லவேண்டாம் என்றார். இப்போதுதான் சேனல் எழுந்து நிற்கிறது, நம் பாடமே தவறு என்று நாமே சொன்னால் நாளைக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார்கள் என்றார். “பேர் போயிரும் மேடம்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் அதையே சொன்னேன், அவரைவிடச் சத்தமாக.

தங்கை சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். மேசைமேல் நிறுத்தினாள். மாப்பிள்ளை போனை அதற்குள் பார்க்கும்படி வைத்தார். கடை திறந்திருந்தது, வாசலில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள், அவர்கள் முன்னிலையிலேயே நேரலை. அவள் முன்னுரை சொல்லவில்லை. என்னைப்போல வணக்கம்கூட அடுக்கவில்லை.

“நீங்க போன்ல பார்த்தது என் பாடந்தான். ஆனா இடம் வலம் மாறிப் போச்சு. அதைப் பார்த்து யாரெல்லாம் எதெல்லாம் கட்டியிருக்கீங்களோ, போட்ட முடிச்சையெல்லாம் அவுத்துருங்க. இப்பவே அவுத்துருங்க. நான் இங்கயே இருக்கேன். அவுத்துட்டு வாங்க, முதல்ல இருந்து கட்டலாம்.”

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பார்க்கிறவர்களின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. என் கண்ணாலேயே பார்த்தேன். கேலிகள் வந்தன. மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைவாசலில் நின்ற சரக்கு வண்டிக்காரர்தான் முதலில் நகர்ந்தார். தன் வண்டிக்குப் போனார். மேலே கட்டியிருந்த மூட்டைகளின் கட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு திரையில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது: அவுத்துட்டேன். அவுத்துட்டேன் அக்கா. கூடாரத்தைப் பிரிச்சுட்டோம், மழை பெய்யுது, சீக்கிரம் சொல்லுங்க. எண்ணிக்கை கூடியது. தங்கை கயிற்றை எடுத்தாள்.

இதைத்தான் மறுமலர்ச்சி என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். தொழில்நுட்பத்தால் என்று எழுதினார்கள். பழமையின் மோகம் என்று எழுதினார்கள். எழுதட்டும். நான் கேட்கிறேன், தன் பாடம் தவறாகப் போய்விட்டது என்று வீதியில் நின்று சொன்ன பள்ளிக்கூடம் ஒன்று உண்டா? அவிழ்த்துவிடுங்கள் என்று சொன்ன ஆசிரியர் ஒருவர் உண்டா? கட்டச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், அன்புப் பெரியோர்களே! கட்டச் சொல்வது எளிது, கைதட்டல் கிடைக்கும், கூட்டம் கூடும். அவிழ்க்கச் சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்! கூட்டம் கலைந்தாலும் பரவாயில்லை என்று சொல்வதற்குத்தான் நெஞ்சு வேண்டும்! அந்த நெஞ்சு எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. எனக்கு இல்லை, ஆனால் குடும்பத்தில் இருக்கிறது.

கைதட்டுங்கள், காத்திருக்கிறேன். போதும்.

எல்லாம் நேரான பிறகும் மூடுகிற பேச்சை அவள் விடவில்லை. ஏனென்றால் அந்த பீரோ விழுந்தது விழுந்ததுதானே? கம்பெனியின் தவறு என்று நான் எவ்வளவோ சொன்னேன். “குரல் யாருதுண்ணே?” என்று கேட்டாள். வியாபார நேரத்திலேயே கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்தேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அது ஒருமுறைதான்.

பீரோவைக் கட்டிய அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் போனேன். அவர் கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னபடி கட்டினேன், போச்சு. அவுக்கச் சொன்னீங்க, அவுத்தேன். இப்ப என்ன சொல்ல வந்தீங்க?”

தங்கை பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். தன் நாற்காலியைத் தூக்கினாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவர் பக்கத்தில் போட்டு, அவர் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்தாள். கண்ணாடி தேவைப்படவில்லை. கேமரா தேவைப்படவில்லை. அவள் வலது கை அவருக்கும் வலப்பக்கம். மெதுவாகக் கட்டினாள். அவர் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். பிறகு எழுந்து, உடையவருக்குப் பணம் கொடுத்துத் தானே கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த அந்த நசுங்கிய பீரோவிலேயே கட்டி, மாடிப்படியில் பாதிதூரம் தூக்கினார். கீழே நான் நின்றேன். துணிச்சலாக நின்றேன் என்று சொல்வேன். மாப்பிள்ளை வேறுமாதிரி சொல்வார்.

முடிச்சு அசையவில்லை.

“மூட வேண்டாங்க” என்றார் அவர், பீரோவைத் தொங்கவிட்டபடியே. “எனக்கு இன்னும் ரெண்டு முடிச்சு தெரியணும்.”

அதனால்தான், ஐயா அவர்களே, இந்தச் சேனல் இன்றைக்கும் ஓடுகிறது. அதனால்தான் என் கடைப்பெயர் இன்றைக்கும் யாருக்கும் படிக்க முடியாமல் திரும்பியே தெரிகிறது. தெரியட்டும்! எழுத்து திரும்பினால் யார் தலையிலும் விழாது.

இவ்வளவு நேரம் உங்களுக்கு எதிரில் நின்றே பேசிவிட்டேன். எதிரில் நின்று சொன்னதில் எது வலம், எது இடம் என்று வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், தூங்கினாலும் குறட்டை விடாத பெரியோர்களுக்கும், கரகரத்தாலும் கைவிடாத மைக்குக்கும் என் நன்றி. முன்வரிசையில் யாராவது கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். வணக்கம்.